கப்பல் சுற்றுலாவும் பாஸ்போர்ட்டின் கடைசி ஆறு மாதமும்

பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கும் காலாவதித் தேதி ஒன்று. அதை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்குள் நுழைய முடிகிற கடைசி நாள் வேறொன்று. பல நாடுகளைப் பொறுத்தவரை இரண்டுக்கும் நடுவே ஆறு மாதம் இருக்கிறது. பத்து வருடப் பாஸ்போர்ட் என்பது நடைமுறையில் ஒன்பதரை வருடப் பாஸ்போர்ட்தான். விமானத்தில் ஒரே நாட்டுக்குப் போய்த் திரும்புகிறவருக்கு இந்தக் கணக்கு எளிது. போகும் நாட்டின் விதியைப் பார்த்தால் வேலை முடிந்தது. கப்பல் சுற்றுலாவில் அப்படி முடிவதில்லை. ஐந்து இரவுப் பயணத்தில் மூன்று நாடுகள் வந்துவிடும், கிளம்பிய நாட்டுக்குள்ளேயே மறுபடி நுழைய வேண்டியிருக்கும், போதாக்குறைக்குக் கப்பல் நிறுவனத்துக்கென்று தனி விதியும் இருக்கும். இவற்றில் எது கடுமையானதோ அதுதான் செல்லும். அதையும் கடைசித் துறைமுகத்தில் சொல்ல மாட்டார்கள். ஏறுகிற அன்றே, பெட்டி படுக்கையோடு செக்-இன் கவுண்டரில் நிற்கும்போது சொல்வார்கள்.

ஆறு மாத விதி வேண்டாத கெடுபிடி என்று எரிச்சல்படுவோர் உண்டு. நாடுகளின் பக்கம் நின்று பார்த்தால் அதில் நியாயம் தெரியும். சுற்றுலா வந்தவர் வந்த இடத்தில் காலை முறித்துக்கொண்டு மருத்துவமனையில் படுக்கலாம். வழக்கு ஒன்றில் மாட்டலாம். சொல்லாமல் கொள்ளாமல் தங்கியும் விடலாம். அதற்குள் பாஸ்போர்ட் காலாவதியானால் அவரைத் திருப்பி அனுப்புவது பெரும்பாடு. அவருடைய நாட்டுத் தூதரகம் புதுக் காகிதம் கொடுக்கும்வரை எந்த விமானமும் அவரை ஏற்றாது. அந்தத் தலைவலியை வாசலிலேயே தவிர்க்கத்தான் இந்த அவகாசம்.

ஆனால் எல்லா நாட்டுக்கும் ஆறு மாதம் இல்லை. சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, வியட்நாம், இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை ஆறு மாதம் கேட்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு, அங்கிருந்து வெளியேறத் திட்டமிட்ட நாளுக்குப் பிறகு மூன்று மாதம் மிச்சம் இருக்க வேண்டும். நியூசிலாந்தும் பொதுவாக மூன்று மாதம் என்கிறது. ஹாங்காங்குக்குத் தங்கும் காலத்துக்கு மேல் ஒரு மாதம். தென்னாப்பிரிக்காவுக்கு வெளியேறும் நாளுக்குப் பின் 30 நாள் போதும், ஆனால் இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். கேப்டவுனிலும் டர்பனிலும் கப்பல் நிற்கும்போது தேதி சரியாக இருந்தும் பக்கம் இல்லாமல் சிக்கல் வரலாம் என்று பொருள். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகியவற்றுக்குத் தங்கியிருக்கும் நாள்வரை பாஸ்போர்ட் செல்லுபடியாக இருந்தால் போதும். அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டவரிடம் ஆறு மாதம் கேட்கிறது. ஆனால் பல நாடுகளோடு அது செய்துகொண்ட ஏற்பாட்டின்படி அந்நாட்டினருக்கு இது தளர்த்தப்படுகிறது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் உண்டு.

இவ்வளவையும் மனப்பாடம் செய்வதைவிட முக்கியமானது, ஆறு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது. கப்பல் பயணிகள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இந்தியர்கள் அதிகம் போகும் சிங்கப்பூர்ப் பயணத்தை எடுத்துக்கொள்ளலாம். கப்பல்கள் 2012இல் திறக்கப்பட்ட மரினா பே முனையத்திலிருந்தோ ஹார்பர்ஃபிரண்ட் முனையத்திலிருந்தோ கிளம்பும். ஒரு பயணி ஜனவரி 13 அன்று சென்னையிலிருந்து சிங்கப்பூரில் இறங்குகிறார். 15ஆம் தேதி கப்பல் ஏறுகிறார். 16ஆம் தேதி பினாங்கு. 20ஆம் தேதி காலை மறுபடி சிங்கப்பூர். அவருடைய பாஸ்போர்ட் ஜூலை 17 அன்று காலாவதி. 13ஆம் தேதி விமான நிலையத்தில் இறங்கும்போது ஜூலை 13 வரை இருந்தால் போதும், இருக்கிறது. பினாங்கில் ஜூலை 16 வரை வேண்டும், அதுவும் இருக்கிறது. ஆனால் 20ஆம் தேதி கப்பலிலிருந்து இறங்கி சிங்கப்பூருக்குள் நுழைவது புதிய நுழைவு. போகும்போது குடிநுழைவுச் சோதனையில் வெளியேறியதாகப் பதிவு செய்துவிட்டுத்தான் கப்பல் ஏறியிருக்கிறார். இப்போது ஜூலை 20 வரை வேண்டும். மூன்று நாள் குறைகிறது. ஒரு வாரத்துக்கு முன் அதே ஊர் அதே பாஸ்போர்ட்டை ஏற்றுக்கொண்டது என்ற வாதம் எடுபடாது. இந்த நிலையில் அவரைக் கப்பலில் ஏற்றினால் திரும்பி வரும்போது இறக்க முடியாமல் போகலாம் என்பதால் 15ஆம் தேதியே நிறுத்திவிடுவார்கள். விசாவுக்கும் இதே கணக்குத்தான். திரும்பி வருவது இரண்டாவது நுழைவு என்பதால் பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும்.

பல கப்பல் நிறுவனங்கள் தங்கள் விதியைப் பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதம் என்று வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். வழியிலுள்ள எந்த நாடும் ஆறு மாதம் கேட்காவிட்டாலும் நிறுவனம் கேட்கலாம். அது சட்டமா இல்லையா என்று கவுண்டரில் நின்று வாதாடிப் பயனில்லை. டிக்கெட்டோடு வரும் ஒப்பந்தத்தில், ஆவணங்களைச் சரியாக வைத்திருப்பது பயணியின் பொறுப்பு, இல்லாவிட்டால் ஏற்ற மறுக்கலாம், பணம் திரும்பாது என்று எழுதியிருக்கும். யாரும் படிக்காத அந்தப் பொடி எழுத்துப் பக்கம்தான் அன்றைக்குப் பேசும். பயணக் காப்பீடும் கைகொடுக்காது. காலாவதிப் பாஸ்போர்ட்டால் பயணம் நின்றுபோவதைப் பொதுவாக எந்தக் காப்பீடும் இழப்பாக ஏற்பதில்லை.

நிறுவனங்கள் இத்தனை கறாராக இருப்பது அபராதத்துக்குப் பயந்து. தகுந்த ஆவணம் இல்லாதவரை ஏற்றி வந்தால் ஏற்றி வந்த விமான, கப்பல் நிறுவனத்துக்குத்தான் தண்டம். அவரைத் திருப்பி அழைத்துப் போகும் செலவும் அதன் தலையில்தான் விழும். இந்தியாவே 2000ஆம் ஆண்டில் இதற்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்து ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வைத்தது. 2025ஆம் ஆண்டின் குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் அதை நீக்கிவிட்டு அந்தப் பொறுப்பைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. விமான நிறுவனங்கள் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் டைமேட்டிக் என்ற தரவுத்தளத்தில் நாட்டுவாரியாக விதிகளைப் பார்த்துத்தான் போர்டிங் பாஸ் கொடுக்கின்றன. கணினி வேண்டாம் என்று சொன்னால் கவுண்டரில் இருப்பவர் எவ்வளவு நல்ல மனதுக்காரராக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆன்லைன் செக்-இன்னில் தேதியை உள்ளிட்டபோது ஏற்றுக்கொண்டதே என்பது இன்னொரு நம்பிக்கை. அந்தப் படிவம் பல சமயம் விவரத்தை வாங்கிக்கொள்வதோடு சரி. அதில் வேறொரு வில்லங்கமும் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டில் முதலில் நாள், பிறகு மாதம், பிறகு ஆண்டு. அமெரிக்க நிறுவனங்களின் படிவத்தில் மாதம் முதலில் வரும். 07/04/2027 என்று பாஸ்போர்ட்டில் இருப்பது ஏப்ரல் 7. அதை அப்படியே படிவத்தில் தட்டினால் ஜூலை 4 ஆகிவிடும், மூன்று மாதம் தானாக முளைத்துவிடும். கணினி பச்சை விளக்குக் காட்டும். துறைமுகத்தில் புத்தகத்தைத் திறந்து பார்க்கிறவர் காட்ட மாட்டார்.

கப்பலைவிட்டு இறங்காமலே இருந்துவிட்டால் அந்த நாட்டின் விதி பொருந்தாது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். பல நாடுகளில் இது செல்லாது. கப்பல் துறைமுகத்தில் நுழையும் முன்பே பயணிகள் பட்டியல் போய்விடும். ஷெங்கன் எல்லை விதித்தொகுப்பு கப்பல் தலைவரிடம் 24 மணி நேரத்துக்கு முன்பே பட்டியலைக் கேட்கிறது. கரையில் கால் வைக்கிறாரா இல்லையா என்பது பயணியின் விருப்பம், பட்டியலில் இருக்கிறார் என்பது உண்மை. தவிர, நோய் என்றாலும் நெருப்பு என்றாலும் இறக்கத்தான் வேண்டும்.

விசா விஷயத்தில் கப்பல் பயணிகளுக்குக் கொஞ்சம் சலுகை இருப்பது மெய். 1965இல் லண்டனில் உருவாகி 1967இல் நடைமுறைக்கு வந்த கடல் போக்குவரத்து எளிமைப்படுத்தும் உடன்படிக்கை, சுற்றுலாக் கப்பல் ஒரு துறைமுகத்தில் 72 மணி நேரத்துக்குக் குறைவாக நின்றால், சிறப்புக் காரணம் இல்லாதவரை, பயணிகளிடம் விசா கேட்க வேண்டாம் என்கிறது. துருக்கி இதைக் கடைப்பிடிக்கிறது. குஷாதாசியில் கப்பல் நிற்கும்போது இறங்கி எபேசஸ் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு மாலையில் கப்பலுக்குத் திரும்பலாம். ஆனால் இந்தச் சலுகை விசாவுக்கு மட்டும்தான். பாஸ்போர்ட்டின் தேதியை அது தொடுவதே இல்லை. எல்லா நாடும் இதை ஒரே மாதிரி நடத்துவதும் இல்லை. இதில் வேறொரு வேடிக்கையும் உண்டு. ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில் ஏறி, குஷாதாசி போய், மறுபடி கிரேக்கத் தீவு ஒன்றுக்கு வருகிற கப்பலில் துருக்கிக்கு விசா வேண்டியிருக்காது. ஆனால் துருக்கிக்குப் போனதால் ஷெங்கனைவிட்டு வெளியேறியாகிவிட்டது. திரும்பி வர பலமுறை நுழைவு ஷெங்கன் விசா இருந்தாக வேண்டும். ஒரு முறை நுழைவு விசா வைத்திருப்பவர் இந்தப் பாதையில் ஏறவே முடியாது.

ஷெங்கன் விதியில் மூன்று மாதத்தோடு இன்னொரு நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது. பாஸ்போர்ட் வழங்கப்பட்டு பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டின் ஆயுளே பத்து ஆண்டுதான் என்பதால் இந்தியர்களை இது உறுத்துவதில்லை. உறுத்துவது பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களை. லண்டன் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இதில் அடக்கம். பிரிட்டனில் 2018 செப்டம்பர் வரை, பழைய பாஸ்போர்ட்டில் மிச்சமிருந்த மாதங்களை, ஒன்பது மாதம்வரை, புதியதோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 2016 மார்ச் 10 அன்று வாங்கிய பாஸ்போர்ட்டில் 2026 டிசம்பர் 10 வரை செல்லும் என்று அச்சாகியிருக்கும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை இது ஒரு பொருட்டில்லை. 2021 ஜனவரி முதல் பிரிட்டிஷ்காரர்களும் வெளியாட்கள். 2026 மார்ச் 10க்குப் பிறகு அந்தப் பாஸ்போர்ட்டோடு சவுத்தாம்ப்டனில் ஸ்பெயின் கப்பல் ஏறப் போனால், இன்னும் ஒன்பது மாதம் உயிர் இருக்கிறது என்று காட்டினாலும் ஏற்ற மாட்டார்கள். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வழங்கிய தேதியை.

அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே குடிமக்கள் சில பயணங்களுக்குப் பாஸ்போர்ட்டே இல்லாமல் போகலாம். 2009 ஜூன் 1 முதல் நிலம், கடல் வழிகளுக்கு நடைமுறைக்கு வந்த மேற்கு அரைக்கோளப் பயண விதியில் இதற்கென ஒரு விலக்கு உண்டு. ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி, கனடா, மெக்சிகோ, கரீபியத் தீவுகள், பெர்முடா போன்ற அண்டைப் பகுதிகளுக்குப் போய், கிளம்பிய அதே துறைமுகத்தில் முடியும் பயணத்தை மூடிய சுற்று என்கிறார்கள். அதில் போகும் அமெரிக்கக் குடிமகன் பிறப்புச் சான்றிதழையும் புகைப்பட அடையாள அட்டையையும் காட்டித் திரும்ப முடியும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதும். சான்றிதழ் அரசுப் பதிவு அலுவலகம் கொடுத்ததாக இருக்க வேண்டும். குழந்தை பிறந்தபோது மருத்துவமனை அழகாகக் கால்தடம் பதித்துக் கொடுத்த தாளை ஏற்பதில்லை. இந்தியாவில் பிறந்து பிறகு குடியுரிமை பெற்றவர்களுக்கு அமெரிக்கப் பிறப்புச் சான்றிதழ் இருக்காது. அவர்கள் குடியுரிமைச் சான்றிதழைக் காட்ட வேண்டும். அந்த ஒற்றை மூலத்தாளைக் கடற்கரைக்கும் நீச்சல் குளத்துக்கும் எடுத்துக்கொண்டு போவதற்குப் பதில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுவது எவ்வளவோ மேல்.

அதே துறைமுகம் என்பது இங்கே உயிர்நாடி. மயாமியில் கிளம்பி மயாமியில் முடிந்தால் விலக்கு உண்டு. கனடாவின் வான்கூவரில் ஏறி அலாஸ்காவின் ஸீவர்டில் இறங்கினால் பாஸ்போர்ட் கட்டாயம். அலாஸ்கா அமெரிக்க மாநிலம்தானே, அங்கே போகிற கப்பல் ஏன் கனடாவைத் தொட வேண்டும் என்ற கேள்விக்கு 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் விடை இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி ஏந்திய கப்பல், நடுவே வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே பயணிகளை ஏற்றிச் செல்லக் கூடாது. சுற்றுலாக் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியோடு ஓடுபவை. அதனால்தான் சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகும் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரமாவது நின்றுவிட்டு வருகின்றன.

மூடிய சுற்றுச் சலுகைக்கு ஓட்டைகளும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியிலுள்ள மார்த்தினிக், குவாதலூப் போன்ற தீவுகளில் கப்பல் நின்றால் பாஸ்போர்ட் கேட்பார்கள். அதைவிடப் பெரிய ஓட்டை, கப்பலைத் தவறவிடுவது. கரைக்குப் போனவர் போக்குவரத்தில் சிக்கித் துறைமுகம் வந்து சேர்வதற்குள் கப்பல் போய்விட்டால், அல்லது மாரடைப்பு என்று இறக்கிவிடப்பட்டால், வீடு திரும்ப விமானம்தான் வழி. பிறப்புச் சான்றிதழைக் காட்டி அமெரிக்காவுக்கு விமானம் ஏற முடியாது. 2008இல் வந்த பாஸ்போர்ட் கார்டு என்ற சிறிய அட்டைக்கும் இதே குறை. கனடா, மெக்சிகோ, கரீபியன், பெர்முடாவிலிருந்து நிலத்திலும் கடலிலும் திரும்ப மட்டும்தான் அது செல்லும்.

இந்த விலக்குகள் எல்லாம் குடிமக்களுக்கு. எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் இந்தியர் கிறிஸ்துமஸ் விடுமுறையில் குடும்பத்தோடு கரீபியன் கப்பல் ஏறினால் அவருக்குப் பாஸ்போர்ட்டும் செல்லுபடியாகும் விசாவும் தேவை. அலாஸ்காக் கப்பல் என்றால் விக்டோரியாவில் நிற்கும் அந்தச் சில மணி நேரத்துக்காகக் கனடா விசாவும் எடுக்க வேண்டும். கனடா விசா பத்து ஆண்டுவரை கிடைக்கும் என்பது பேச்சு. பாஸ்போர்ட் காலாவதியாவதற்கு ஒரு மாதம் முன்போடு அது நின்றுவிடும் என்பது விதி. இதைவிட முக்கியமானது ஐ-94. அமெரிக்காவுக்குள் நுழையும்போது எத்தனை நாள்வரை தங்கலாம் என்று பதிவாகும் குறிப்பு அது. வேலை அனுமதி இன்னும் மூன்று ஆண்டுக்கு இருந்தாலும், பாஸ்போர்ட் ஏழு மாதத்தில் முடிகிறது என்றால் எல்லை அதிகாரி ஐ-94ஐப் பாஸ்போர்ட் முடியும் நாளோடு நிறுத்திவிடுவது வழக்கம். கப்பலிலிருந்து திரும்பி இறங்கும்போது புதிய ஐ-94 பதிவானால், போகும்போது கையில் இருந்த நீண்ட தேதி போய்க் குட்டையான தேதி வந்து உட்கார்ந்துவிடும். சட்டப்படி தங்கும் உரிமை அந்தத் தேதிவரைதான். பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலும் ஐ-94 தானாக நீளாது. ஒரு வாரக் கப்பல் சுற்றுலா வேலைக்கே உலை வைக்கக்கூடிய இடம் இது. எச்-1பிகாரர்கள் திரும்பி வந்த அன்றே இணையத்தில் தங்கள் ஐ-94ஐ எடுத்துப் பார்க்க வேண்டும் என்று வழக்கறிஞர்கள் சொல்வது சும்மா இல்லை.

தமிழ்நாட்டிலிருந்தே வெளிநாட்டுக் கப்பல் ஏறும் வாய்ப்பும் வந்திருக்கிறது. 1990இல் கட்டப்பட்டு, ராயல் கரீபியனிடமிருந்து கோர்டிலியா நிறுவனத்தின் கைக்கு வந்த எம்பிரஸ் கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து உள்நாட்டுப் பயணங்களைத் தொடங்கியது. 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்கு, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போனது. ஒரே கப்பல், ஒரே துறைமுகம். ஆனால் விசாகப்பட்டினம், புதுச்சேரி போனால் ஆதார் போன்ற அடையாள அட்டை போதும், திருகோணமலை போனால் ஆறு மாதம் மிச்சமுள்ள பாஸ்போர்ட் வேண்டும். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. சுற்றுலாக் கப்பல் இல்லை, சாதாரணப் போக்குவரத்துதான். கடலுக்கு அக்கரையில் இருக்கும் ஊர்தான் என்றாலும் அது வேறு நாடு.

தேதி குறைவாக இருப்பது தெரிந்துவிட்டால் செய்ய வேண்டியது புதுப்பித்தல். பாஸ்போர்ட் அலுவலக மொழியில் ரீ-இஷ்யூ. இந்தியாவில் காலாவதிக்கு ஓராண்டு முன்பே விண்ணப்பிக்கலாம். புதியதற்கு வழங்கிய நாளிலிருந்து பத்து ஆண்டு கிடைக்கும். பழையதில் மிச்சமிருந்த மாதங்கள் அதோடு சேராது. அந்த மாதங்கள் வீணாகின்றனவே என்று கடைசிவரை இழுத்துப் பிடிப்பதில்தான் வினை. எப்படியும் அந்த ஆறு மாதத்தில் பாதி உலகம் உள்ளே விடப்போவதில்லை. பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000 ரூபாய், தத்கால் என்றால் மேலும் 2,000. அடிக்கடி கப்பல் ஏறுகிறவர்கள் 60 பக்கம் வாங்குவது நல்லது. நாட்டுக்கு நாடு முத்திரை விழும். ஜனவரியில் கிளம்பி நான்கு மாதம் உலகைச் சுற்றும் பெருங்கப்பல்களில் பயணம் முடிந்து ஆறு மாதம் இருக்க வேண்டும் என்றால், ஏறும்போதே பத்து மாதத்துக்கு மேல் ஆயுளும் ஏகப்பட்ட காலிப் பக்கங்களும் வேண்டும்.

குடும்பத்தில் முதலில் காலாவதியாவது பெரும்பாலும் பிள்ளைகளின் பாஸ்போர்ட். இந்தியாவில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஐந்து ஆண்டு, அல்லது 18 வயது நிறையும்வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை. 15 வயது தாண்டியவர்கள் விரும்பினால் பத்து ஆண்டுப் பாஸ்போர்ட் கேட்கலாம். அமெரிக்காவிலும் 16 வயதுக்குக் கீழ் ஐந்து ஆண்டுதான். அப்பா அம்மா பாஸ்போர்ட்டைப் பார்த்து இன்னும் ஏழு வருடம் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள். கைக்குழந்தைப் படத்தோடு எடுத்த மகளின் பாஸ்போர்ட் மூன்று மாதத்தில் முடியும். கவுண்டரில் குழந்தையை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் ஏற முடியாது. ஒரு பாஸ்போர்ட்டால் நான்கு டிக்கெட் போகும்.

புதுப்பித்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. புதிய பாஸ்போர்ட்டுக்குப் புதிய எண். பழைய எண்ணில் எடுத்த மின்னணு விசா, பயண அனுமதி போன்றவை பழையதோடு போயிற்று என்றே கொள்ள வேண்டும். கப்பல் நிறுவனத்திடம் கொடுத்த விவரத்திலும் எண்ணை மாற்ற வேண்டும். ஒட்டு விசாக்கள் நிலை வேறு. பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டிய அமெரிக்க விசா, சேதமடையாமல் இருந்தால், புதிய பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காட்டும்போது செல்லும். பாஸ்போர்ட் சேவை மையத்தில் பழைய புத்தகத்தின் அட்டை முனையை வெட்டி, ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பார்கள். இனி எதற்கு என்று அதை ஊரில் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு மயாமியில் கப்பலிலிருந்து இறங்கினால் விசா இல்லாதவர் கதிதான்.

பெயர் தொடர்பாகத் தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. குடும்பப்பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்ட பாஸ்போர்ட்கள் நம்மிடம் ஏராளம். 2022 நவம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப்பெயர்ப் பாஸ்போர்ட்டோடு வருகிற சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு, இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தியது. துபாயில் கப்பல் ஏற நினைப்பவர்கள் தேதியோடு இதையும் பார்க்க வேண்டும். புதுப்பிக்கும்போதே பெயரையும் சரிசெய்துவிட்டால் ஒரே அலைச்சலில் முடியும்.

நனைந்த பாஸ்போர்ட்டுக்குத் தேதி எவ்வளவு இருந்தாலும் மதிப்பில்லை. புகைப்படப் பக்கம் மங்கியோ தையல் பிரிந்தோ இருந்தால் சேதமடைந்தது என்று ஒதுக்கிவிடுவார்கள். படகுச் சவாரியும் கடற்கரையுமாகப் போகும் பயணத்தில் இது நடக்கக்கூடியதுதான். ஆசியப் பயணங்கள் பலவற்றில் கப்பல்காரர்களே ஏறும்போது பாஸ்போர்ட்டை வாங்கிவைத்துக்கொண்டு, துறைமுகச் சோதனைகளை மொத்தமாக முடித்து, இறங்கும் முன் திருப்பித் தருகிறார்கள். அப்படி வாங்கினால் ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். கரைக்குப் போகும்போது பாஸ்போர்ட் நகலும் விசா நகலும் கையில் இருக்க வேண்டும். வாங்கிவைக்காத கப்பல்களில் பாஸ்போர்ட்டை அறையிலுள்ள பெட்டகத்தில் வைப்பதா, கரைக்கு எடுத்துப்போவதா என்பது துறைமுகத்தைப் பொறுத்தது. அன்றன்று கப்பலில் அறிவிப்பார்கள்.

இத்தனைக்குப் பிறகும் நடுவழியில் பாஸ்போர்ட் தொலைந்தாலோ காலாவதியானாலோ இந்தியர் போக வேண்டிய இடம் அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகம். தொலைந்தது என்றால் முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலோடு போக வேண்டும். புதிய பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்க நேரமில்லாதவர்களுக்கு அவசரச் சான்றிதழ் ஒன்று கொடுப்பார்கள். தூதரகம் பெரும்பாலும் தலைநகரில் இருக்கும், கப்பல் நிற்பது வேறு ஊரில், அதுவும் மாலைவரைதான். அந்தச் சான்றிதழ் இந்தியாவுக்குத் திரும்ப மட்டுமே செல்லும். அதைக் காட்டி அடுத்த துறைமுகத்தில் கப்பலைப் பிடிக்க முடியாது.